லீவ் வேகன்ஸியில் வந்த தென்றல்!

உங்கள் ஆபீஸில் நாளைக்கு டீ டயத்தில் ஒரு சின்ன சோதனை நடத்திப் பாருங்கள். 'மலேசியா வாசுதேவன் பாடினதுல ஒரு பாட்டு சொல்லுங்க' என்று ஸீட் ஸீட்டாகப் போய்க் கேளுங்கள்.

அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் அண்ணன் யோசிக்கவே மாட்டார். உடனே 'முரட்டுக்காளை'யை அவிழ்த்து விடுவார். புதுசாகச் சேர்ந்திருக்கும் தம்பி, 'அதான் சார், லப்பர் பந்து படத்துல வருமே, அந்தப் பழைய பாட்டு' என்பான். ரிடையராக ஆறு மாசம் இருக்கும் ஹெட்கிளார்க் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'முதல் மரியாதை...' என்று ஆரம்பிப்பார். அத்தோடு அன்றைக்கு அவர் டேபிளில் ஃபைல் நகராது.

எல்லாமே சரியான விடைதான். அரை மார்க் கூடக் குறைக்க முடியாது. ஆனால் ஒருத்தராவது 'கோடைகாலக் காற்றே' என்று சொல்கிறாரா பாருங்கள். சொன்னால், அவருக்கு என் கணக்கில் ஒரு ஸ்பெஷல் டீ வாங்கிக் கொடுங்கள். (பில்லை எனக்கு அனுப்பிவிட வேண்டாம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் வருமானம் உங்களுக்குத் தெரியாததா!)

1981-ல் வந்த 'பன்னீர் புஷ்பங்கள்' படத்துப் பாட்டு அது. இசை இளையராஜா. பாட்டு எழுதியவர் கங்கை அமரன். ஊட்டியில் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் காதல் வருகிற கதை. நடிகர் சுரேஷ் அறிமுகமான படம். டைரக்டர்கள் இரண்டு பேர், சந்தானபாரதியும் பி.வாசுவும். 'பாரதி-வாசு' என்று ஜோடியாக வந்தார்கள். அவர்களுக்கும் அதுதான் முதல் படம். பள்ளிக்கூட வாத்தியாராக வரும் பிரதாப் போத்தனுக்காக மலேசியா வாசுதேவன் பாடிய கிடார் பாட்டு இது.

இந்தப் பாட்டைக் கெட்ட பாட்டு என்று யாரும் சொன்னதில்லை. நாம் எடுத்துக் கொடுத்தால், 'அடடே, அருமையான பாட்டாச்சே!' என்பார்கள். தானாக யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான். எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். குரூப் போட்டோவில் இருப்பார். வேலையிலும் கெட்டிக்காரர். ஆனால் யாராவது லிஸ்ட் எழுதும்போது மட்டும் அவர் பெயர் விட்டுப்போகும்.

ஏன் விட்டுப்போகிறது? பி.காம். படித்த பாவத்துக்கு எதையும் வரிசை எண் போட்டுத்தான் எனக்கு யோசிக்கத் தெரியும். மூணு காரணம் தேறுகிறது.

1. அண்டை வீட்டார். அந்தப் படத்தில் இருந்ததே நாலு பாட்டு. உமா ரமணன் பாடிய 'ஆனந்த ராகம்' ஒன்று. சங்கீதம் தெரிந்தவர்கள் அதை எடுத்தால், சிம்மேந்திர மத்யமம் அது இது என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடிய 'பூந்தளிர் ஆட' இன்னொன்று. அது காதலர்கள் சொத்து. ஹாஸ்டல் சாப்பாட்டைக் கிண்டல் பண்ணுகிற வெங்காய சாம்பார் பாட்டு மூணாவது. அது மாணவர்கள் சொத்து. மிச்சம் இருந்தது நம்ம பாட்டு. அண்ணன் டாக்டர், அக்கா கலெக்டர் என்று இருக்கும் வீட்டில் பிறந்து, கௌரவமாக பாங்க்கில் வேலை பார்க்கும் பையன் மாதிரி. வேறு வீட்டில் பிறந்திருந்தால் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

2. போட்டிக்கு உதவாது. டி.வி. பாட்டுப் போட்டிகளைக் கவனித்திருப்பீர்கள். ஜட்ஜ் எழுந்து நின்று கைதட்ட வேண்டுமென்றால் பாட்டில் நாலு சங்கதி வேண்டும். உச்சாணிக் கொம்புக்கு ஏறி ஒரு தம் பிடிக்க வேண்டும். இந்தப் பாட்டில் அந்த மாதிரி சர்க்கஸ் எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அப்படிப் பாடினால் எந்தச் சானலில் மார்க் போடுவார்கள்?

3. பாடியவர். இதுதான் முக்கியமான காரணம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

* * *

மலேசியா வாசுதேவன் 1944-ல் அன்றைய மலாயாவில் பிறந்தவர். பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். நாடகம், மேடை என்று அங்கே வளர்ந்து, சினிமா ஆசையில் மெட்ராஸுக்கு வந்தார். இளையராஜா சகோதரர்களின் 'பாவலர் பிரதர்ஸ்' கச்சேரிகளில் மேடையேறிப் பாடினார். சினிமாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டினார். பெரிசாக எதுவும் நடக்கவில்லை.

1977. பாரதிராஜாவின் முதல் படம் '16 வயதினிலே'. கமலுக்கு ஒரு பாட்டு. பாட வேண்டியவர் எஸ்.பி.பி. அன்றைக்குப் பார்த்து அவருக்குத் தொண்டை சரியில்லை. 'வாசுவைக் கூப்பிடு' என்று ஆட்டுக்குட்டிப் பாட்டை இவரிடம் கொடுத்தார் இளையராஜா. நம்ம பாஷையில் சொன்னால், லீவ் வேகன்ஸி! மெடிக்கல் லீவில் போனவர் இடத்தில் டெம்ப்ரரியாக உட்கார்ந்தவர்தான் அப்புறம் பெர்மனென்ட் ஆனார்.

பெர்மனென்ட் ஆனவருக்கு ஒரு செக்‌ஷன் ஒதுக்க வேண்டுமே! கிராமத்துப் பாட்டு செக்‌ஷனை ஒதுக்கினார்கள். 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்', 1980-ல் 'முரட்டுக்காளை', 1985-ல் 'முதல் மரியாதை' என்று வரிசையாக வந்தன. மண் வாசனையா, கூப்பிடு மலேசியாவை. மாடு பிடிக்கணுமா, கூப்பிடு மலேசியாவை. தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் கிராமங்களுக்கு, மலாயாவில் பிறந்த மலையாளி குரல் கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பும் ஆச்சரியமுமாக வருகிறது. 1985-ல் வந்த பாரதிராஜா படம் ஒன்றில் சிவாஜிக்காக உருகியவர், இன்னொன்றில், அதாவது 'ஒரு கைதியின் டைரி'யில், வில்லனாக வந்து நம்மிடம் திட்டு வாங்கினார். அந்தத் தொண்டைக்குள் இன்னும் எத்தனை ஆள் இருந்தார்களோ!

ஆனால் முத்திரை குத்தியாகிவிட்டது. 'கனமான குரல். கிராமத்துக் குரல்.' அப்புறம் யார் எப்போது லிஸ்ட் எழுதினாலும் அந்தத் தலைப்பின் கீழ்தான் எழுதினார்கள். அந்தத் தலைப்பில் 'கோடைகாலக் காற்றே' அடங்காது. அதில் வயல் இல்லை, வரப்பு இல்லை, உறுமி இல்லை. மலை இருக்கிறது, கிடார் இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைப்போம் இல்லையா, அந்த மாதிரி 44 வருஷத்துக்கு மேலாக இந்தப் பாட்டு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டிலேயே கிடக்கிறது.

எனக்கு இதில் ஒரு தீர்மானமான கட்சி உண்டு. மெல்லிய குரல் மெதுவாகப் பாடினால் அதில் என்ன விசேஷம்? பூனை மெதுவாக நடப்பது செய்தியா? கனமான குரல், கனத்தைக் கீழே வைக்காமலே மெதுவாகப் பாட வேண்டும். கோதாவில் ஆளைத் தூக்கி அடிக்கிற பயில்வான், வீட்டுக்கு வந்து பத்து நாள் குழந்தையைக் கையில் வாங்குகிறபோது பாருங்கள், அந்தக் கை எப்படி ஆகிறது என்று! பலம் அப்படியேதான் இருக்கும். ஆனால் குழந்தைக்குத் தெரியாது. 'முரட்டுக்காளை'க்கு அடுத்த வருஷமே வந்த இந்தப் பாட்டில் மலேசியா வாசுதேவன் செய்திருப்பது அதைத்தான்.

'காற்றே' என்று கூப்பிடுகிற இடத்தைக் கவனியுங்கள். அந்த 'ஏ'யை நீட்டுகிறார். அதிகாரமாக நீட்டவில்லை. தூரத்தில் போகிற சினேகிதனை, 'திரும்பிப் பார்த்தால் பார், பார்க்காவிட்டால் பரவாயில்லை' என்கிற மாதிரி கூப்பிடுகிறார். கிடார் கூடவே நடந்து வருகிறது, முந்திக்கொண்டு ஓடவில்லை. எங்கேயும் 'பார், நான் எப்படிப் பாடுகிறேன்' என்று நம் தோளைத் தட்டவில்லை.

ரோட்டில் பஸ்ஸை எண்பதில் ஓட்ட எந்த டிரைவராலும் முடியும். மலைப் பாதை வளைவில், இரண்டாவது கியரில், தூங்குகிற குழந்தை முழிக்காமல் ஏற்றிக்கொண்டு போகிறவர்தான் டிரைவர்.

இது நம்ம ஊர்ச் சமாசாரம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ராட் ஸ்டூவர்ட் என்று ஒரு ராக் பாடகர் இருக்கிறார். கரகரப்பான குரல். 1971-ல் அவர் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். கம்பெனி நம்பியது முன்பக்கப் பாட்டை. பின்பக்கம் சும்மா இருக்கக்கூடாதே என்று 'மேகி மே' என்ற பாட்டைப் போட்டார்கள். ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் அந்தப் பின்பக்கப் பாட்டு முதல் இடத்துக்குப் போய், ராட் ஸ்டூவர்ட்டை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. யாராவது ஒருத்தர் திருப்பிப் போட வேண்டும். விஷயம் அவ்வளவுதான்!

* * *

திண்டுக்கல்காரனுக்கு இந்தப் பாட்டின் மேல் ஒரு தனி உரிமை உண்டு என்பது என் வாதம். கேளுங்கள்.

எங்கள் ஊரில் 'கோடை' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, எங்களுக்கு வருவது. இன்னொன்று, நீங்கள் போவது. ஏப்ரல், மே மாதத்தில் தமிழ்நாடே குல்லாய், ஸ்வெட்டர் சகிதம் எங்கள் ஊர் வழியாகக் கொடைக்கானலுக்குப் போகும். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு டாட்டா காட்டுவோம். மாவட்டம் ஒன்றுதான். மேலே ஏழாயிரம் அடியில் அவர்களுக்குப் பனி. கீழே எங்களுக்கு வெயில். மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி ஊர் மேல் நிதானமாக ஊதும். அந்த நேரத்தில் சீரகச் சம்பா பிரியாணி வேறு சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தால்... ஃபேன் ஓடும், காற்று வராது.

பழந்தமிழில் திசைக்கு ஒரு காற்று உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கிலிருந்து வந்தால் கோடை! திண்டுக்கல்லில் நின்று மேற்கே பாருங்கள். என்ன தெரிகிறது? கோடை மலை! ஆக, எங்கள் ஊருக்குக் கோடையில், கோடையிலிருந்து, கோடை வரும். இதைவிட ஒரு ஊருக்கு அந்தப் பாட்டில் என்ன உரிமை வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவரும் எழுதியவரும் பண்ணைப்புரத்து அண்ணன் தம்பி. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்காரர்கள். இன்றைக்குப் பண்ணைப்புரம் தேனி மாவட்டம். ஆனால் 1981-ல் தேனியும் கிடையாது, திண்டுக்கல்லும் கிடையாது. எல்லாம் ஒரே மதுரை மாவட்டம்தான். 1985-ல்தான் எங்களுக்குத் தனிக்குடித்தனம். அதனால் படத்தை ஊட்டியில் எடுத்திருந்தாலும் காற்று எங்கள் மாவட்டத்துக் காற்று. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எது ஒசத்தி என்று ரொம்ப நாளாக நடக்கிற சண்டையில், ஊட்டிக்காரர்கள் செலவிலேயே நாங்கள் ஜெயித்த ஒரு ரவுண்டு இது.

கோடை பண்பலை 100.5-ல் எப்போதாவது இந்தப் பாட்டு வரும். மலை உச்சியிலிருந்து ஒலிபரப்பு என்பதால் சமவெளியில் ஏகப்பட்ட ஊர்களுக்குக் கேட்கும். செம்பட்டி டீக்கடையில் கேட்டிருக்கிறேன். நிலக்கோட்டையில் பூ மூட்டை ஏற்றுகிற வண்டியில் கேட்டிருக்கிறேன். வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கும்போது மேலேயிருந்து யாரோ ஒருத்தர், 'இந்தாப்பா, உனக்கும் கொஞ்சம்' என்று காற்றை அனுப்பி வைத்த மாதிரி இருக்கும்.

* * *

எனக்கு இந்தப் பாட்டை அறிமுகப்படுத்தியது எங்கப்பா. அவர் கவர்ன்மென்ட் பஸ் கண்டக்டர். பஸ்ஸின் பக்கவாட்டில் 'ராணி மங்கம்மாள்' என்று பெயர் எழுதியிருந்த காலத்திலிருந்து ஓடியவர். திண்டுக்கல் - கொடைக்கானல் ரூட்டில் ரொம்ப வருஷம் இருந்தார்.

அப்பா குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக் தேவையில்லை. 'செம்பட்டி, வத்தலக்குண்டு, கொடைக்கானல்ல்ல்' என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு சத்தம் கொடுத்தால், பழநி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு நிமிஷம் நாம் சரியான வண்டியில்தான் ஏறியிருக்கிறோமா என்று சந்தேகப்படுவார். 'அங்கிட்டுத் தள்ளி நில்லுப்பா... படியில தொங்காத, உங்காத்தாளுக்கு யாரு பதில் சொல்றது!' இது ஊரே அறிந்த குரல். வீட்டிலும் அதே வால்யூம்தான். 'உப்பு' என்று கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

அவரிடம் ஒரே ஒரு காஸெட் இருந்தது. இன்றைக்கு இருபது வயசில் இருக்கும் தம்பிகளுக்காக ஒரு விளக்கம். அப்போதெல்லாம் வெறும் காஸெட்டை வாங்கிக்கொண்டு, பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு வர வேண்டும். நாலு நாள் கழித்துப் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிஷ காஸெட். ஒரு பக்கம் முப்பது நிமிஷம். ஒரு பாட்டு நாலரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், ஆறு பாட்டு போக மூணு நிமிஷம் மீதி. (வகுத்துப் பாருங்கள், சரியாக வரும்.) அந்த மீதி மூணு நிமிஷத்தைச் சும்மா விட ரெக்கார்டிங் சென்டர்காரருக்கு மனசு வராது. லிஸ்ட்டில் கடைசியாக இருக்கிற பாட்டை ஆரம்பித்துவிடுவார். டேப் தீர்கிற வரைக்கும் ஓடும். அப்புறம் 'டக்'.

அப்பா காஸெட்டில் ஏ சைடு முழுக்க வீராவேசம். பி சைடில் கடைசிப் பாட்டு 'கோடைகாலக் காற்றே'. மீதியில் மாட்டிய பாட்டு. பாதியில் 'டக்'.

ராத்திரி டியூட்டி முடிந்து, டெப்போவில் கலெக்‌ஷனைக் கட்டிவிட்டு பதினொரு மணிக்கு வருவார். அம்மா சாப்பாடு எடுத்து வைக்கிற நேரத்தில் டேப் ரெக்கார்டரை மெதுவாக வைத்துக்கொண்டு உட்காருவார். நான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். பாட்டு பாதியில் 'டக்' என்று நிற்கும். நின்ற இடத்திலிருந்து அப்பா எடுத்துக்கொள்வார். மீதிப் பாட்டை அவரே முனகி முடிப்பார். வார்த்தை தெரிகிற இடத்தில் வார்த்தை. தெரியாத இடத்தில் 'ம்ம்ம்'. பஸ் ஸ்டாண்டையே கலக்குகிற அந்தத் தொண்டையிலிருந்து, பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு ஒரு சத்தம் வரும். பகலெல்லாம் வேர்வையும் சில்லறையுமாக ஊரை மலைக்கு ஏற்றி இறக்கிவிட்டு வந்தவர், ராத்திரி கொஞ்சம் தனக்காக ஏறிப் போவார் போலிருக்கிறது.

அதனால் சின்ன வயசில் எனக்குத் தெரிந்த 'கோடைகாலக் காற்றே' பாதி மலேசியா வாசுதேவனும் பாதி எங்கப்பாவும் பாடியது. அது இரண்டு பேர் பாட்டு என்றே ரொம்ப நாள் எனக்குள் பதிந்திருந்தது. காலேஜ் படிக்கும்போது, சினேகிதன் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் முதல் தடவை முழுசாகக் கேட்டேன். 'டக்' வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப அழகாகத்தான் முடிந்தது. ஆனாலும் யாரோ ஒருத்தர் வராத மாதிரி இருந்தது.

மலேசியா வாசுதேவன் கடைசி வருஷங்களில் உடம்பு முடியாமல் இருந்து, 2011 பிப்ரவரி 20-ம் தேதி சென்னையில் காலமானார். அன்றைக்கு டி.வி.யில் எல்லாச் சானலிலும் அவர் பாட்டுத்தான். காளையும் வயலும் வரப்புமாக ஓடியது. அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சானல் சானலாக மாற்றிக்கொண்டே இருந்தார். எதைத் தேடுகிறார் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கடைசி வரைக்கும் அது வரவில்லை. ரிமோட்டை வைத்துவிட்டு, 'போடமாட்டேங்கிறாங்களேப்பா' என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பகலில் பேசி நான் கேட்டதில்லை.

மூணு வருஷம் கழித்து அப்பாவும் போய்விட்டார். வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தோம். டெப்போவிலிருந்து டிரைவர்கள், கண்டக்டர்கள் வந்திருந்தார்கள். 'அண்ணன் ஒரு சத்தம் கொடுத்தா வத்தலக்குண்டுல ஆள் ரெடியா நிப்பாங்க' என்று ஒருத்தர் சொன்னார். இன்னொருத்தர் அப்பா மாதிரியே கத்திக் காட்டினார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எல்லாம் உண்மைதான். அதுவும் அப்பாதான். ஆனால் ராத்திரி பதினொரு மணி அப்பாவைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்டால்தானே தெரியும்? கேட்டது நானும் அம்மாவும் மட்டும்.

பி.காமில் ஒரு பாடம் உண்டு. கம்பெனி தானாகச் சம்பாதித்த குட்வில்லை பாலன்ஸ் ஷீட்டில் காட்டக்கூடாது. இருக்கும், எல்லோருக்கும் உபயோகமாகவும் இருக்கும், ஆனால் கணக்கில் வராது. அந்த வருஷம்தான் எனக்கு அந்தப் பாடம் நிஜமாகப் புரிந்தது.

நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஆபீஸில் ஏதாவது ஒரு முத்திரை உண்டு. 'அவன் கணக்குல புலி, மத்ததுக்கு லாயக்கில்ல.' 'இவன் ஜோக் அடிப்பான், சீரியஸா எதுவும் வராது.' குத்தினவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் ஏ சைடைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் பக்கத்து ஸீட்டுக்காரருக்கும் ஒரு பி சைடு இருக்கும். திருப்பிப் போட ஒரு ஆள் தேவை. அந்த ஆள் நாமாக இருந்துவிட்டுப் போவோமே!

* * *

நல்ல செய்தியோடு முடிக்கிறேன்.

2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று ஒரு மலையாளப் படம் வந்தது. எங்கள் மாவட்டத்துக் குகையில் விழுந்த பையனின் கதை. அதில் 'குணா' படத்துப் பாட்டு வந்ததும் தியேட்டரே எழுந்து நின்றது. 1991-ல் 'குணா'வை எடுத்தவர் சந்தானபாரதி. அதே 2024 செப்டம்பரில் 'லப்பர் பந்து' வந்தது. அதில் வந்த பழைய பாட்டு 1989-ல் வெளியான விஜயகாந்த் படமான 'பொன்மனச் செல்வன்' பாட்டு. பாடியவர் மலேசியா வாசுதேவன். படத்தை எடுத்தவர் பி.வாசு. சின்னப் பசங்கள் எல்லாம் புதுப் பாட்டு மாதிரி பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

கவனித்தீர்களா? சந்தானபாரதி, பி.வாசு. 'பன்னீர் புஷ்பங்கள்' ஜோடி! ஒரே வருஷத்தில் இரண்டு பேர் படத்துப் பாட்டும் தூசி தட்டப்பட்டு மறுபடி ஹிட் ஆகிவிட்டது. இருவரும் சேர்ந்து எடுத்த முதல் படத்துப் பாட்டு மட்டும் இன்னும் க்யூவில் நிற்கிறது. எந்த இளம் டைரக்டராவது இதைப் படித்தால், புண்ணியமாகப் போகட்டும், ஒரு ஸீன் யோசியுங்கள். மலைப் பாதை, பஸ், கடைசி டிரிப், தோல் பையோடு ஒரு கண்டக்டர். கதைக்குக் காசு வேண்டாம்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்து, வீடு அடங்கியதும் போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போடுங்கள். சத்தத்தைக் குறைவாக வையுங்கள். நடுவில் 'டக்' என்று நிற்காது, முழுசாக வரும். முடிந்ததும் உடனே அடுத்த பாட்டுக்குத் தாவாமல் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள்.

ஃபேனைக்கூட அணைத்துவிடலாம். காற்று உத்தரவாதம்.